இரண்டு கரண்டி எண்ணெய்

கிரேக்க நாட்டில் நிக்கியாஸ் என்பவன் வீட்டு அடுக்களையில் ஓர் எண்ணெய்ப் பானை இருந்தது. நிறமும் கிடையாது, பூவேலையும் கிடையாது. குளிர்காலம் முழுக்க அந்த வீட்டுப் பிள்ளைகள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வேண்டிய எண்ணெய் அதன் வயிற்றில்தான் இருந்தது.

நிக்கியாஸின் அப்பா இறந்துபோனார். கல்லறையில் எண்ணெய் வைக்க அவன் ஒரு வெள்ளைக் குடுவை வாங்கிவந்து பானைக்குப் பக்கத்தில் வைத்தான். முழ உயரம், மேலெல்லாம் சித்திரம்.

"பாத்தீங்களாக்கா, என் மேல அப்பாவுக்காக அழுற மகனை? ஒவ்வொரு மயிரா வரைஞ்சிருக்காங்க!" என்றது குடுவை.

"அழட்டும் தாயி. என் கவலையெல்லாம் உன் வயித்தைப் பத்திதான். என்னை வழிச்சுக் குடிச்சிடாதே, பிள்ளைங்க பாவம்."

மறுநாள் சொந்தபந்தம் சூழ நிற்க, நிக்கியாஸ் பானையைச் சாய்த்தான். பயத்தில் பானைக்கு உயிரே போய்விட்டது. இரண்டு கரண்டிதான் போயிருக்கும், குடுவை வாய்வரை தளும்பிவிட்டது.

"என்னடி, அதுக்குள்ள ரொம்பிட்டியா?"

"மெல்லப் பேசுங்கக்கா! கழுத்துக்குள்ள ஒரு குட்டிக் கிண்ணம் ஒட்டியிருக்கு. அதுக்குக் கீழ வெறும் காத்து. இவர்தான் அப்படிக் கேட்டு வாங்கினார்."

"வழிய வழிய ஊத்துறானே! பெத்தவர் மேல என்ன பாசம்!" என்று அத்தைக்காரி மூக்கைச் சிந்தினாள்.

பானைக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

"பின்னே? பெரியவர் உசுரோட இருந்தப்போ ரொட்டிக்கு ஒரு சொட்டு கேட்டா, பானை காலின்னு என் வாயை மூடுவான். அதைப் பார்த்தா ரெண்டு கரண்டி ரொம்பத் தாராளம்டி!"