அரை நூல் சரிவு

“அனங்காம பிடியும் அத்தான்,” என்றான் ஷாஜன்.

யேசுரத்தினம் தெர்மாகோல் விமானத்தின் வாலை அசையாதபடி வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மச்சினன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன். வந்த நாள் முதல் ரிமோட்டில் பறக்கிற இந்த விமானம் செய்வதே வேலை. விமானத்தின் மூக்கில் ஒட்டிய பிளைவுட் துண்டில், நெல்லிக்காய் அளவு மோட்டாரை வைத்து நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினான்.

யேசுரத்தினத்தின் மனசு விமானத்தில் இல்லை.

காலையில் காண்ட்ராக்டர் கிருஷ்ணமணி போன் செய்திருந்தார். நாளை குழித்துறையில் ஒரு வீட்டுக்குச் சுவர் ஏற்றவேண்டும். கண் சரியாகிவிட்டதென்றால் கொத்தனாராக வரலாம். இல்லையென்றால் சாந்து குழைக்கிற கையாளாக வரலாம். சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

முப்பது வருடம் சுவர் கட்டியவர். தூக்குக்குண்டு விடும் முன்பே வலது கண்ணால் பார்த்துச் சரிவைச் சொல்லிவிடுவார்.

அந்தக் கண்ணில்தான் கல் சில்லு தெறித்தது. தையல் போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று வீட்டுக் கதவு நிலையே சாய்ந்து தெரிந்தது.

இப்போது நிலை நேராகத் தெரிகிறது. கரண்டு கம்பமும் சர்ச் கோபுரமும் நேராகத் தெரிகின்றன.

ஆனால் அவை நேரானவை என்று அவருக்கு முன்பே தெரியும். பார்ப்பது கண்ணா, பழக்கமா?

ஷாஜன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். “கொத்தனார் கண்ணு வச்சுப் பாத்துச் சொல்லும். எப்பிடி இருக்கு?”

இடது கண்ணை மூடிக்கொண்டு, வாலிலிருந்து மூக்குவரை விமானத்தின் முதுகோடு பார்வையை ஓட்டினார்.

மோட்டார் வலப்பக்கம் சரிந்திருந்தது.

மறுபடி பார்த்தார். அரை நூல் சரிவு, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு.

வெளிநாட்டில் ஏசி மாட்டுகிறவன். ஒரு சின்ன மோட்டாரைக் கோணலாகவா முடுக்குவான்? கோணல் தன் கண்ணில்தான்.

நேற்றுவரை தனக்குக் கல் எடுத்துத் தந்த பயல்கள் சுவர் கட்டுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவர்களுக்குச் சட்டி சுமக்க வேண்டும்.

“நேரா இருக்குலே,” என்றார்.

“நேராவா?” ஷாஜன் பதறிப்போனான். “நேரா இருந்தா கொள்ளாதே அத்தான்! ஏறின உடனே எடது பக்கமாத் திரும்பித் தரையில குத்துமே!”

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவசரமாகக் கழற்றத் தொடங்கினான். “முன்னால காத்தாடி சுத்துற சுத்து அப்படி இழுக்கும். அதுக்காக்கும் எடது ஸ்க்ரூ ரெண்டுக்கும் அடியில வாஷர் குடுத்து வலது பக்கம் சரிச்சு வச்சேன். பத்தலபோல.”

யேசுரத்தினம் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சரிச்சா வச்ச?”

“பின்னே?”

“கழத்தாதே. சரிஞ்சுதான் இருக்கு. அரை நூல்.”

ஷாஜன் அவரை முறைத்தான். நம்பாமல் இரும்பு ஸ்கேலை எடுத்து மோட்டாரின் அடியில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தான். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர். மனசுக்குள் கணக்குப் போட்டான். அரை நூலேதான்.

“பின்ன எதுக்கு ஓய் நேரா இருக்குண்ணு சொன்னீரு? எனக்கு உயிரே போயிட்டு வந்துது!”

யேசுரத்தினம் விமானத்தை மெதுவாக அவன் மடியில் வைத்தார். கண்ணைத் துடைத்தார். ஏன் சிரிக்கிறாரென்று ஷாஜனுக்குப் புரியவில்லை.

அவர் முற்றத்தில் இறங்கிப் போன் போட்டார்.

“கிருஷ்ணமணியா? நாளைக்கு எனக்குக் கையாளு யாரு ஓய்?”