ஒன்பதாவது லைன்

"யாரும் எடுக்கலன்னா, பேசுன பேச்செல்லாம் எங்கப்பா போவும்?" என்று மகள் ஷாலினி சிறுவயதில் கேட்டாள். அவள் அப்பா மரிய அருள் அலுவலகங்களுக்குத் தொலைபேசி பொருத்துபவன்.

இப்போது செம்மண்டலத்தில், ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடும் சார்லஸின் அலுவலகத்தில், யாரும் எடுக்காத அழைப்பைப் பதிந்துவைக்கும் வாய்ஸ்மெயில் பெட்டிகளில் எது பழைய இன்டர்காமுக்கு ஒத்துப்போகும் என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே எட்டு லைன்கள்தான். முதல் பெட்டியை மாட்டியதும் ஒன்பதாவது லைனில் ஒரு செய்தி காட்டியது. வயதான பெண் குரல்.

"சிதம்பரம் கீழ வீதி, பச்சக் கதவு. நாளைக்குக் காலையில கரண்ட் இருக்காது. மிஷினு நின்னுட்டா மூச்சு விட முடியாதுப்பா."

"இருக்கறதே எட்டு லைனு, இதுல ஒன்பதாவதா? எந்த ஸ்கூல்ல படிச்ச பெட்டி மச்சான் இது? வேற மாட்டு" என்றான் சார்லஸ்.

அப்போதுதான் சீல் பிரித்த இரண்டாவது பெட்டியிலும் அதே செய்தி இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது, குரல் மட்டும் மெலிந்திருந்தது.

"எவனோ வெளையாடுறான். அழிச்சிடு."

அருளுக்கு அழிக்கக் கை வரவில்லை. வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. அவன் அம்மா மூச்சுக்குத் தவித்த நாளில், யாரென்றே தெரியாத ஒருவர் வாசலில் சிலிண்டரை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

காலையில் ஒரு சிலிண்டரை வாடகைக்கு எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு சிதம்பரம் கிளம்பினான். பச்சைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு அம்மாள் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார். அவன் படியேறும்போதே கரண்ட் போய், அவர் பக்கத்திலிருந்த ஆக்சிஜன் மிஷின் நின்றது. அதன் குழாய் அவர் தொண்டையில் போட்டிருந்த துளைக்குப் போயிற்று. அந்தத் தொண்டையால் பேச முடியாது.

குழாயைச் சிலிண்டருக்கு மாற்றி, மூச்சு சீராகும்வரை நின்றான். அவர் விழிப்பதற்குள் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தான்.