யார் திறந்தது?

"மூணு வீடு மாறிட்டேண்ணே. எங்க போனாலும் என் புருஷன் தேடி வந்து அடிக்கிறாரு. போன்லதான் ஏதோ இருக்கு" என்றாள் பிரமிளா.

மலேசியாவின் சுங்கை பினாங் பகுதிக் கைப்பேசிக் கடைக்காரர் சிவநேசன் முழுக்கச் சோதித்தார். "ஒண்ணுமே இல்ல லா. உங்க முகத்தைக் காட்டினாத்தானே திறக்கும்? வேற யாரும் பார்க்க முடியாதும்மா."

அவர் நீட்டிய போனைப் பிரமிளாவின் பக்கத்தில் நின்ற அவள் மகள் தர்ஷினி வாங்கினாள். அவள் முகம் பட்டதும் பூட்டு திறந்துகொண்டது.

"உனக்கும் திறக்குமா?" பிரமிளா பதறினாள்.

அம்மாவை உரித்து வைத்ததுபோல் இருந்த அந்தப் பதிமூன்று வயதுப் பெண் அழத் தொடங்கினாள். "இனிமே அடிக்க மாட்டேன்னு அப்பா சத்தியம் பண்ணாரும்மா. நான்தான் உன் போன்ல அட்ரஸ் அனுப்பிட்டு அழிச்சிடுவேன்."

"இங்க வந்ததையும் சொல்லிட்டியா?"

ஆமென்று தலையாட்டினாள்.

சிவநேசன் எழுந்து போய்க் கடையின் இரும்புக் கதவை உள்பக்கமாக இழுத்து மூடினார்.