மேடைக்கு முதுகு காட்டிய நாற்காலி

நூறாவது இலவசக் கச்சேரி முடிய இன்னும் ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி. மேடையில் இருந்த தங்கை மைக்கைப் பிடித்து, கடைசிப் பாட்டு எதுவென்று எங்க அக்காவே சொல்லட்டும் என்று அறிவித்துவிட்டாள்.

நூலக மாடி ஹாலில் இருந்த இருநூறு பேரும் அக்காவையே பார்த்தார்கள்.



அவள் நாற்காலி வழக்கம்போல மேடைக்கு முன்னால் தரையில், மேடைக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கிடந்தது. ஒன்பது வருஷமாக அவள் உட்காரும் லட்சணம் அதுதான். பாதியில் யார் எழுந்து போகிறார்கள் என்று கண்காணிக்கிறாள் என்பார் சங்கத்தின் செயலாளரான தையல்காரர். போன மழைக்காலத்தில் காணாமல் போன நாலு குடைகளுக்குத் திருடனைத் தேடுகிறாள் என்பது மருந்துக்கடைக்காரரின் கட்சி. அக்கா இரண்டையும் மறுத்ததில்லை.

உண்மையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தங்கையிடம்கூட.

காது நன்றாகவே கேட்கும். பக்கத்து வீட்டில் குழாய் சொட்டினால் இங்கிருந்தே குரல் கொடுப்பாள். பாட்டு மட்டும் அவளுக்குப் பாட்டாகக் கேட்டதே இல்லை. யார் பாடினாலும் சரி, தகரப் பெட்டியைத் தரையில் இழுக்கிற சத்தம்தான். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றார். அன்றிலிருந்து அசைத்துக்கொண்டே இருக்கிறாள்.

ஊரே தங்கையைக் கொண்டாடியது. கூடப் பிறந்தவளின் பாட்டைக் கேட்கக் கொடுத்துவைக்காத ஜென்மமா நான் என்று அக்கா உள்ளுக்குள் குமைந்தாள்.

ஒருநாள் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், உள்ளறையில் தங்கை பாடிப் பழகுவதைக் கேட்டு, எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவும் கையுமாக நின்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்துகிறவள் அவள். குத்துவதற்கு முன்பே, யார் மயங்கி விழுவார் என்று முகத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். மீட்டர்காரரின் நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அடேயப்பா, இதுதானா அது!

பிறகு அவளுக்கு முகங்கள் வேண்டியிருந்தன. டிக்கெட் வாங்கி உட்காருகிற பெரிய அரங்குகளில் இருட்டும் பின்மண்டைகளும்தான் தெரிந்தன. ஆகவே நாலு பேரைச் சேர்த்து ஒரு சங்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணி, யார் வேண்டுமானாலும் வரலாம், காசு வேண்டாம். எத்தனையோ பாடகர்கள் வந்து பாடிவிட்டுப் போனார்கள். தங்கை பாடுகிற அன்றைக்கு மட்டும், எதிரே கரைகிற முகங்களைப் பார்த்து அக்காவுக்கு நெஞ்சு விம்மும். என் தங்கச்சியாக்கும் என்று எழுந்து நின்று கத்தலாம் போல இருக்கும்.

தங்கை முதல் கச்சேரியிலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். யார் பாடினாலும் ஹால் விளக்குகளை அணைக்கக் கூடாது. சங்கத்தின் விதிகளில் அதை எழுதவும் வைத்தாள். வெளியூர் அரங்குகளில் இருட்டில் பாடுகிறவளுக்கு இங்கே மட்டும் ஏன் இந்தக் கிறுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. இது கச்சேரியா, ஆஸ்பத்திரி வார்டா என்று, எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிற விளக்குக்காரர் முனகாத நாளில்லை. அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று.

இப்போது எந்தப் பாட்டைச் சொல்வது? வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி, அது தங்கை பாடாத பாட்டாக இருந்துவிட்டால்? ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருஷமும் நீ என் பாட்டைக் கேட்கவே இல்லையா என்று தங்கை ஒரு பார்வை பார்த்தால் அதை எப்படித் தாங்குவது?

அக்கா முகங்களைத் தேடினாள். மூன்றாவது வரிசையில் லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவள் மேடைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“போன தடவை நீ பாடும்போது நம்ம லாரிக்காரர் தேம்பித் தேம்பி அழுதாரே, அந்தப் பாட்டு.”

ஹால் கொல்லென்று சிரித்தது. லாரி ஓட்டுநர் வெட்கத்தில் நெளிந்தார். தங்கையும் சிரித்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.

அப்பாடா, தப்பித்தாயிற்று. அக்கா மறுபடி கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து, நூறாவது கச்சேரியின் கடைசிப் பாட்டாவது அமர்க்களமாக இருக்கட்டும் என்று விளக்கு அண்ணன் விதியைக் காற்றில் பறக்கவிட்டார். ஹால் விளக்குகள் மொத்தமும் அணைந்தன. மேடை மட்டும் ஜொலித்தது. கூட்டம் கைதட்டியது.

அக்காவுக்கு எதிரே கும்மிருட்டு. ஒரு முகமும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் தகரப் பெட்டி நகரத் தொடங்கியது.

விளக்கைப் போடச் சொல்லலாம்தான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கடைசி வரிசையில் பழகியபடி வாயை அசைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு வரிகூட ஆகியிருக்காது. சத்தம் நின்றது.

“அண்ணே, ஹால் லைட்டைப் போடுங்க. எங்க அக்காவுக்குக் கேக்கல.”

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தையல்காரர் மட்டும் பதறிப்போய், ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்ட ஓடினார்.

விளக்குகள் எரிந்தன. அக்காவுக்கு முகங்கள் கொஞ்சம் கலங்கித்தான் தெரிந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கை முதல் வரியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.