மெதுவா ஊதுங்க

“பேசாதீங்க! மொதல்ல குனிஞ்சு ஒக்காருங்க. ரெண்டு கையையும் முட்டியில ஊனுங்க.”

மனைவி ரெங்கம்மா சொன்னபடியே இராசையா பெஞ்சில் குனிந்து உட்கார்ந்தார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. வாய் உலர்ந்து, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

நோய் நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி அடிக்கடி மூச்சு முட்டும் என்று நர்ஸ் சுபாஜினி தோட்டத்து லயத்து வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. எந்த மூச்சு கடைசி மூச்சாகுமோ என்ற பயத்தில் அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கமே இல்லை.

“ஜன்னல... சாத்து... பனி...”

“சாத்த மாட்டேன். காத்து மூஞ்சியில படணும்னு நர்ஸ் மிஸ் சொன்னது மறந்துபோச்சா?”

ரெங்கம்மா சின்ன பேட்டரி ஃபேனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பெரகல மலைக் குளிரில் ஃபேன் கேட்டு வந்த மனிதரைப் பார்த்துக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

“மூக்கால இழுங்க. ம்... இப்ப ஒதட்டக் குவிச்சு, சுடு தேத்தண்ணிய ஊதுற மாதிரி மெதுவா ஊதுங்க.”

“புள்ள... நீ...”

“ஊதுங்கன்னா!”

முப்பது வருடமாக அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசியே பழகியவர், இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு, இல்லை, வாயைக் குவித்துக்கொண்டு ஊதினார்.

“பயம்தாங்க பாதி மூச்சப் புடுங்குது. நான் பக்கத்துலதான இருக்கேன்?”

அதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தாவது தடவை ஊதியபோது நெஞ்சு லேசானது. அப்பாடா!

அதற்குள் சுபாஜினி பையோடு வாசலில் வந்து நின்றாள். “பக்கத்து வீட்டுலேருந்து போன் வந்ததும் கெளம்பிட்டேன். இப்ப எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு மிஸ். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே செஞ்சேன்,” என்றாள் ரெங்கம்மா.

“கெட்டிக்காரி!”

சுபாஜினி பையிலிருந்து ஒக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை எடுத்தாள். இராசையாவைத் தாண்டிப் போய், அதை ரெங்கம்மாவின் விரலில் மாட்டினாள்.

“எனக்கு அப்பவே சரியாயிருச்சு மிஸ்,” என்று சிரித்தாள் ரெங்கம்மா. “எனக்கு மூச்சு முட்டுதுன்னு யாரோ சொல்ல, தேயிலை மலையிலேருந்து ஒரே ஓட்டமா ஓடி வந்தாரு. இவரத்தான் பொழைக்க வைக்க வேண்டியதாப் போச்சு!”