முந்நூற்றுப் பதின்மூன்றாவது மணி

“பட்டம் வாங்கினது முந்நூத்திப் பன்னிரண்டு பேர். மணி அடிச்சது முந்நூத்திப் பதிமூணு. ஒண்ணு ஒண்ணா டிக் போட்டு எண்ணியிருக்கேன். என்னம்மா இது?”

பதிவாளர் மேசையைத் தட்டினார். பதவிக்கு வந்து ஒரு மாதம்தான். அதற்குள் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார்.

எதிரே, கோபுரப் படி இறங்கிவந்த மூச்சு இன்னும் அடங்காமல் மணியக்கா நின்றார். பட்டமளிப்பு விழாவில் பெயர் வாசிக்க வாசிக்க மேலே கயிற்றை இழுப்பது அவர் வேலை.

“பேருக்கு ஒரு மணி. நூத்தம்பது வருஷ மரபும்மா! கை தவறிடுச்சா?”

“இல்ல சார். தெரிஞ்சுதான் அடிச்சேன்.”

பதிவாளருக்குச் சுர்ரென்று ஏறியது. “தெரிஞ்சேவா? கோபுரச் சாவியை வச்சிட்டுக் கிளம்புங்க. வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

இருபத்திரண்டு வருஷமாக இடுப்பில் இருந்த சாவி. எடுத்து வைக்கும்போது மணியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

“வர்ற ஆள்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க சார். கடைசியில ஒரு மணி சேர்த்து அடிக்கணும். எனக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் சொன்னார். அவருக்கு, அவருக்கும் முன்னாடி இருந்தவர் சொன்னாராம். முதல் விழாவுலேருந்து இப்படித்தான்.”

“யாருக்காம் அந்த மணி?”

“உங்க பின்னாடி அலமாரியில முதல் வருஷப் பதிவேடு இருக்கும். முதல் பேரைப் பாருங்க.”

கதை விடுகிறார் என்றுதான் பதிவாளர் நினைத்தார். கையும் களவுமாகப் பிடித்துவிடும் வேகத்தில் பதிவேட்டை இழுத்துப் பிரித்தார்.

முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண். பக்கத்தில் சிவப்பு மையில், ‘பெண் என்பதால் பட்டம் இல்லை.’

“அன்னைக்கு அந்தப் பொண்ணு கடைசி வரிசையில உட்கார்ந்திருந்துச்சாம் சார். விழா முடிஞ்சும் பேர் வரல. மேலேருந்து பார்த்த மணிக்காரருக்கு மனசு கேட்கல. அடிச்சிட்டார்.”

பதிவாளர் சாவியை எடுத்து மணியக்காவின் கையில் திணித்தார். பதிவேட்டை அணைத்துக்கொண்டு, அங்கி காலைத் தடுக்கத் தடுக்க மண்டபத்துக்கு ஓடினார். நல்லவேளை, கூட்டம் கலையவில்லை. மைக்கைப் பிடித்து விஷயத்தைச் சொல்லி, அந்தப் பெயரை வாசித்தார்.

மொத்த மண்டபமும் எழுந்து நின்று கைதட்டியது. ஓய்வதாகவே இல்லை.

பின்னாலேயே ஓடிவந்த மணியக்கா, “நான் மேல ஏறட்டுமா சார்?” என்று கத்திக் கேட்டார்.

“வேணாம்மா! மணி எப்பவோ அடிச்சாச்சு. பேர்தான் இப்ப வந்து சேர்ந்திருக்கு.”