சக்கரம் போகும் பாதை

"பிள்ளையை ஒரு தடவை வெளிய கூட்டிட்டு வாங்க சார். நாற்காலியில உக்காந்தா முட்டி எங்க வருதுன்னு பாத்துட்டு மணல் தொட்டிக்கு உயரம் வச்சுடுவேன்."

மேஸ்திரி இதை முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் காதில் விழாதவர் போல டேப்பை இழுத்து எதையாவது அளக்க ஆரம்பித்துவிடுவார். இன்றைக்கு அளக்க ஒன்றும் மிச்சமில்லை.

"பிள்ளை ஸ்கூலுக்குப் போயிருக்கு. நீங்க கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு வைக்கிற மாதிரியே வச்சுடுங்க."

"ஏழு வயசுன்னுதானே சொன்னீங்க?"

"வளர்ற பிள்ளைதானே மேஸ்திரி."

அதற்கு மேல் என்ன கேட்பது? மேஸ்திரி சிமெண்ட் குழைக்கப் போனார்.

எத்தனையோ வீடு கட்டிய கை அது. ஆனால் ஒரு பிள்ளை விளையாட இவ்வளவு மெனக்கெடும் அப்பனை அவர் பார்த்ததில்லை. பின்வாசல் படியை இடித்துச் சரிவாக்கியாயிற்று. அங்கிருந்து தோட்டத்தைச் சுற்றிச் சிமெண்ட் பாதை. சக்கர நாற்காலியோடு ஏறி ஆடுகிற மாதிரி பலகை போட்ட ஊஞ்சல். மேசை போல் கால் வைத்த மணல் தொட்டி, அடியில் முட்டி நுழைய இடம்.

நாற்காலியும் வாங்கி வைத்திருந்தார்கள். கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வீட்டுக்காரரே அதில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்து சரிவில் ஏறிப் பார்ப்பார். பாதியில் மூச்சு வாங்கினால், "இன்னும் தணிக்கணும் மேஸ்திரி, தானே தள்ளிட்டு ஏறணும்" என்பார். மேஸ்திரி முகம் சுளிக்காமல் உடைத்துப் போட்டார். நாற்காலி மட்டும் சாயங்காலமானால் சாமான் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

வீட்டம்மாதான் அவருக்குப் பிடிபடவில்லை. துணி உலர்த்த வந்தால் அந்தப் பாதையில் கால் வைக்காமல் சேற்றில் சுற்றிப் போவாள். ஸ்கூல் விடும் நேரம் நெருங்கினால், "இன்னிக்குப் போதும், கிளம்புங்க" என்று வந்து நின்றுவிடுவாள். பெற்ற பிள்ளையை நாலு பேர் பார்க்கக் கூடாதென்று மறைக்கிற தாயும் உண்டா என்று மேஸ்திரிக்கு உள்ளுக்குள் எரிந்தது.

இன்றைக்கு மரத்தில் வந்து முட்டியது வேலை. மூலையில் இருந்த கொய்யா மரத்தின் வேர் பாதைக்குக் குறுக்கே ஓடியது.

"வெட்டிட வேண்டியதுதான். இல்லன்னா வேர் பாதையைத் தூக்கிடும், சக்கரம் இடறும்" என்றார் மேஸ்திரி.

"மரத்தைத் தொடாதீங்க." சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது குரல். அடுத்த நிமிடம் ஆளே வந்துவிட்டாள். "ஏங்க, இதெல்லாம் இப்பவே எதுக்குன்னு எத்தனை தடவை கேட்டுட்டேன்?"

"அப்புறம் செய்யணும்னா என்னால முடியாது. கை ஓடாது எனக்கு" என்றார் வீட்டுக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சரி, பாதையைப் போடுங்க. மரம் மட்டும் இருக்கட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

மேஸ்திரியால் பொறுக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா. பிள்ளை அதுல ஏறி விளையாடப் போகுதா என்ன? பிள்ளையை விட மரமா பெருசு?"

அவள் அவரையே பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது, பாத்திரச் சத்தம் கேட்கவே இல்லை. நாக்கைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது.

"வளைச்சுப் போட்டுடுங்க" என்றார் வீட்டுக்காரர் மெல்ல.

நேராகப் போக வேண்டிய பாதையை மரத்தைச் சுற்றி வளைத்ததில் பொழுது ஓடிவிட்டது. மேஸ்திரி பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து கடைசிப் பூச்சை இழுத்து முடித்தபோது, பாதை கண்ணாடி மாதிரி ஈரத்தில் மின்னியது. அவருக்கே ஒரு திருப்தி. எந்தப் பிள்ளையோ, இனிமேல் தானே உருட்டிக்கொண்டு வெளியே வரும்.

பக்கச் சந்தின் கதவு படாரென்று திறந்தது. புத்தகப் பையும் தண்ணீர் பாட்டிலும் ஆட ஒரு பையன் பாய்ந்து வந்து ஈரச் சிமெண்டில் திபுதிபுவென்று ஓடினான். வளைவில் இடறி விழுந்தான். கையை ஊன்றி, தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சிரித்தபடி ஓடிப்போய் ஊஞ்சல் சங்கிலியில் தொங்கினான்.

"டேய், டேய், பூச்செல்லாம் போச்சே. பக்கத்து வீட்டு வாண்டா சார் இது?"

தலையில் அடித்துக்கொண்டு மேஸ்திரி முட்டி போட்டு உட்கார்ந்தார். குட்டிக் குட்டிப் பாதங்கள், விழுந்த இடத்தில் ஒரு உள்ளங்கை. முதல் பாதத்தின் மேல் பூச்சுக் கரண்டியை வைத்ததுதான் தாமதம், வீட்டம்மா ஓடி வந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க மேஸ்திரி, எங்க பையன்தான்." பையனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல அந்தக் கால் நடக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அவனுக்கு இன்னும் தெரியாது."